இரண்டு பூனைகள் இருக்கும் வீடு: சனிக்கிழமை நாய்க்காக வீடு பார்க்க வருகிறார்கள்

சாம்பல்வால் | திங்கள், இரவு 9.40

மீட்பு இல்லத்தில் இருக்கும் ஒரு நாயைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தோம். தொலைபேசியில் பேசி முடித்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை காலை வீட்டைப் பார்க்க ஒரு தன்னார்வலர் வருகிறார். செய்தி வந்ததிலிருந்து எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

எங்களிடம் இரண்டு பூனைகள். மேகம், 11 வயது ஆண், ஆள் அரவம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவான். பொட்டு, 3 வயதுப் பெண், எதற்கும் அஞ்சாதவள். இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி ஒன்றும் தவறவில்லை. நாங்கள் கேட்டிருக்கும் நாய் செம்பி, 4 வயது, நடுத்தர உயரம். "பூனையோடு வைத்துப் பார்த்துவிட்டோம், ஒத்துப்போகும்" என்று அங்கே சொன்னார்கள்.

மணல் தட்டுகள் கூடத்தை ஒட்டியே இருக்கின்றன. அவற்றை மறைவாக வைக்க வேண்டுமா? மேகம் ஒளிந்துகொண்டால் அதுவே எங்களுக்கு எதிராகப் போய்விடுமா? அன்று காலை மட்டும் இரண்டையும் தங்கை வீட்டில் விடலாமா என்று கணவர் கேட்கிறார்.

இன்னொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேகத்துக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு சாகக் கிடந்து பிழைத்தான். வீட்டில் தச்சு வேலை நடந்துகொண்டிருந்த வாரம் அது. இதை வருகிறவரிடம் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.


வாசற்படி | திங்கள், இரவு 10.25

பூனைகளை எங்கேயும் அனுப்பாதீர்கள் அம்மா. 9 ஆண்டுகளாக நான் இப்படி வீடு பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன். பூனை உள்ள வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்க்க விரும்புவது பூனையைத்தான். அது ஒளிந்துகொண்டால் எங்கே ஒளிகிறது, அங்கே போக எந்த வழியைப் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் கழித்து எட்டிப் பார்க்கிறது என்று கவனிப்பேன். ஒளியும் பூனையைப் பார்த்து யாரையும் நான் மறுத்ததில்லை. பூனையே இல்லாத வீட்டைக் காட்டி, "அவை வெளியே போயிருக்கின்றன" என்று சொன்னவர்களிடம்தான் இரண்டாம் முறை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தரை பளபளவென்று இருக்கிறதா, சோபாவில் முடி இருக்கிறதா என்றெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை. என் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டுப் பூனை, காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு சுருண்டு படுக்கும்வரை, நாயை ஒருமுறைகூடத் தரையில் எதிர்கொள்ளாமல் தன் நாளை நடத்த முடியுமா? சாப்பிடப் போக, தண்ணீர் குடிக்க, மணல் தட்டுக்குப் போய்வர, வெயில் விழும் இடத்தில் படுக்க. இந்த நான்குக்கும் நாயின் கால் படாத வழி இருக்கிறதா? இருந்தால் மற்றவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

மணல் தட்டை மறைக்க வேண்டாம். ஆனால் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நாய்கள் பூனையின் கழிவைத் தின்னும். அருவருப்பாக இருந்தாலும் இது மிகச் சாதாரணம், குடற்புழு தொற்றவும் அது வழி. அதைவிடப் பெரிய சிக்கல், தட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாய் மூக்கை நீட்டினால் பூனை அந்தத் தட்டையே வெறுத்துவிடும். பிறகு மெத்தையில் போகும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, அதுவும் வெவ்வேறு இடங்களில் என்பதுதான் கணக்கு. ஒரே மூலையில் மூன்றை வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான்.

மேகத்தின் நோயைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். எந்த நாயை உங்களிடம் கொடுப்பது என்று முடிவுசெய்ய அதைவிட முக்கியமான தகவல் இல்லை.


வெள்ளையங்கி | திங்கள், இரவு 11.10

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மேகத்தைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆண் பூனையின் சிறுநீர்த்தாரை மிகக் குறுகியது. மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்குவதும், அதைத் தொடர்ந்து அடைப்பு வருவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை. ஒருமுறை வந்த பூனைக்குத் திரும்ப வரலாம். வீட்டில் புது ஆள், புது விலங்கு, இடமாற்றம் எதுவும் அதைக் கிளப்பிவிடக்கூடும். நாய் வந்த முதல் சில வாரங்கள் மேகம் தட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். மணலில் விழும் கட்டி எத்தனை, எவ்வளவு பெரியது என்று எண்ணுங்கள். அடிக்கடி போய் முக்குகிறான், கத்துகிறான், அடியை நக்கிக்கொண்டே இருக்கிறான், மணல் நனையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும். இப்போதே ஈர உணவுக்குப் பழக்கி, தண்ணீர்க் கிண்ணங்களைக் கூட்டிவையுங்கள்.

நாய் வந்த பிறகு பூனை உண்ணாமல் ஒளிந்திருந்தால், "பயம் தெளிந்தால் தானாகச் சாப்பிடும்" என்று நாள்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. பட்டினி தொடர்ந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஈரல் கெடும். குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள்.

பூனை வீட்டுக்கு நாய் வரும்போது பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. நாயின் பிடரியில் சொட்டுச்சொட்டாக விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாயின் உடல் அதைத் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மருந்து ஈரமாக இருக்கும் நாயோடு உரசினாலோ, அதை நக்கினாலோ போதும், உடல் நடுங்கி, வெட்டி இழுத்து, பூனை செத்தே போகலாம். நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைப் பூனைக்கு விட்டுவிட்டு ஓடிவந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். மீட்பு இல்லத்தில் செம்பிக்குக் கடைசியாக எந்த மருந்து போட்டார்கள், என்றைக்குப் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். சனிக்கிழமை நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.


பூனைக்கட்சி | செவ்வாய், காலை 7.05

மனம் நோகாமல் கேட்கிறேன். 11 வயது, பயந்த சுபாவம், மன அழுத்தத்தால் ஒருமுறை சாவின் விளிம்புக்குப் போய்வந்த பூனை. அவனுக்கு நாய் வேண்டும் என்று யார் சொன்னது? நாய் இல்லாமல் நீங்கள் இருந்துகொள்வீர்கள். அவனுக்கு இருக்கும் வீடு இது ஒன்றுதான். அவன் காலம் முடியும்வரை பொறுத்தால் என்ன?


சாம்பல்வால் | செவ்வாய், காலை 8.30

நோகவில்லை. நானும் இரவெல்லாம் அதையேதான் யோசித்தேன். மேகம் கலங்கினால் நாய் வராது என்பதை நானும் கணவரும் முடிவாகப் பேசிவிட்டோம். ஆனால் எல்லா நாயும் எல்லாப் பூனைக்கும் எதிரி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் பெற்றோர் வீட்டில் கிழட்டு நாய் ஒன்றின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பூனை உறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.


மழைத்துளி | செவ்வாய், பிற்பகல் 1.15

அந்தக் காட்சியை நம்பித்தான் நானும் நாய் எடுத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் நாயும் பூனைச் சோதனையில் தேறியவன்தான். கூண்டுக்குள் ஒரு பூனையை வைத்து, நாயைக் கயிற்றில் பிடித்து அருகே கொண்டுபோயிருக்கிறார்கள். அவன் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். "பூனைக்கு ஏற்றவன்" என்று அட்டையில் எழுதிவிட்டார்கள். அந்தச் சோதனைப் பூனை நூறு நாயைப் பார்த்துப் பழகியது, அசையாமல் உட்கார்ந்திருக்கும். என் பூனை அப்படியா? ஓடும்.

முதல் மூன்று நாள் நாய் வாயைத் திறக்கவில்லை, மூலையில் படுத்தே கிடந்தான். எவ்வளவு சாது என்று பூரித்துப்போனோம். அது சாதுத்தனம் இல்லை, புது இடத்தில் உறைந்துபோயிருந்தான் என்று பிறகுதான் புரிந்தது. ஐந்தாம் நாள் மாலை என் பூனை சமையலறையிலிருந்து கூடத்தைத் தாண்டி ஓடினாள். நாய் எழுந்த வேகத்தில் மேசை நகர்ந்தது. குரைக்கக்கூட இல்லை. அந்த மௌனம்தான் இன்றும் கனவில் வருகிறது. கயிறு கழுத்தில் கிடந்ததால் அதை மிதித்துப் பிடித்துவிட்டேன். பூனைக்கு வாலடியில் முடி போனதோடு சரி. ஒன்பதாம் நாள் நாயைத் திருப்பிக் கொடுத்தோம். வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தான். தவறு அவனுடையது இல்லை, அது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே "சோதித்துவிட்டோம்" என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள் அக்கா. எப்படிச் சோதித்தார்கள், பூனை நகர்ந்ததா, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பூனையோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.


வாசற்படி | செவ்வாய், மாலை 6.50

மழைத்துளி, கயிற்றை விடாமல் வைத்திருந்தீர்களே, அதுதான் உங்கள் பூனையைக் காப்பாற்றியது. அந்த நாய்க்கும் அது நன்மையே, பூனையைக் கொன்ற நாய் என்ற பெயர் வந்திருந்தால் வேறு வீடு கிடைத்திருக்காது.

அந்த மௌனத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எல்லோரும் படிக்க வேண்டியது. குரைத்துத் துள்ளும் நாயைப் பார்த்துத்தான் மக்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அடிவயிறு கலங்குவது அசையாத நாயைப் பார்த்துத்தான். வேட்டையில் முதலில் உற்றுப் பார்த்தல், பிறகு பதுங்கல், துரத்தல், கவ்வுதல் என்று ஒன்றை ஒன்று தொடர்ந்து வரும். உடல் விறைத்து, வாய் மூடி, காது முன்னால் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது திரும்பாமல் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தால் சங்கிலியின் முதல் கண்ணி விழுந்துவிட்டது என்று பொருள். அங்கேயே இடையில் போய் நின்று பார்வையை வெட்டிவிட வேண்டும். பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாயோடு வேலை செய்யலாம்.

பார்வையால் வேட்டையாட வளர்க்கப்பட்ட கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி நாய்களிலும் பூனையோடு நிம்மதியாக வாழ்பவை உண்டு. வீட்டுக்குள் பூனையோடு படுத்துக்கிடக்கும் அதே நாய், தோட்டத்தில் அந்தப் பூனை ஓடும்போது துரத்தும் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம். தோட்டத்தில் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள்.


தச்சன்மகன் | செவ்வாய், இரவு 8.20

தடுப்புக் கதவு பற்றி என் பங்குக்கு. குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்பையே நாய்க்கும் வைக்கலாம். கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். குறுக்குக் கம்பி என்றால் நாய் ஏணியாக்கிக்கொள்ளும். சுவரில் அழுத்தி நிற்கும் வகையை ஒரு நடுத்தர நாய் பாய்ந்தால் தள்ளிவிடும், திருகாணி போட்டுப் பூட்டுங்கள்.

பூனை தாண்டிக் குதித்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 11 வயதுப் பூனை தாண்டுமா? வயதான பூனைகளுக்கு மூட்டு வலி மிகச் சாதாரணம், வலிக்கிறது என்று அவை காட்டிக்கொள்வதும் இல்லை. ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இப்போது நாற்காலி வழியாக ஏறுகிறானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் கதவைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பூட்டுங்கள், அவன் அடியில் நுழைந்து போகட்டும். நாயின் தலை அதில் நுழையாது என்று அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சுவர்ப் பலகை அடிப்பதானால் படிக்குப் படி இடைவெளியைக் குறைத்து அடியுங்கள். முக்கியமாக, ஏற ஒரு வழி, இறங்க வேறொரு வழி. ஒரே வழி என்றால் நாய் கீழே உட்கார்ந்து காவல் காக்கும்.


சாம்பல்வால் | புதன், இரவு 11.55

இன்று ஒரு வேலை செய்தேன். எல்லோரும் உறங்கிய பிறகு கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு மேகம் எங்கெங்கே போகிறான் என்று பார்த்தேன். 11 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அவன் நடக்கும் வழியை நான் பார்த்ததே இல்லை.

கட்டிலடியிலிருந்து வந்தவன் கூடத்தின் நடுவே ஒருமுறைகூட நடக்கவில்லை. சுவரை ஒட்டியே போனான். நடைபாதை திரும்பும் மூலையில் நின்று, ஒரு முன்காலைத் தரைக்கு மேலே தூக்கியபடி காதை மட்டும் அப்பக்கம் திருப்பி, பிறகு போனான். சன்னலில் ஏறுவதற்கு முன் பின்கால்களை இரண்டு முறை மடக்கி நிமிர்த்தினான், குதிக்கவில்லை. பக்கத்து முக்காலியில் ஏறி, அதிலிருந்து போனான். தச்சன்மகன் சொன்னது சரி. அவனுக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நாளை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

மணல் தட்டு இருப்பதோ நடைபாதையின் முட்டுச்சந்தில். நாய் நடைபாதையில் வந்து நின்றால் அவனுக்கு வெளியே வர வழியில்லை. அதை உடனே எடுத்து மாற்றலாமா?


வெள்ளையங்கி | வியாழன், காலை 6.40

எடுக்காதீர்கள். பழைய தட்டு அங்கேயே இருக்கட்டும், இரண்டு வழியுள்ள அறையில் புதிதாக ஒன்று வையுங்கள், அதே மணலில். அவனாக அதற்குப் பழகிய பிறகு பழையதை எடுங்கள். சனிக்கிழமைக்குள் முடியாது, முடியவும் வேண்டாம். மூட்டு வலி உறுதியானால் விளிம்பு தாழ்ந்த தட்டாக வாங்குங்கள்.

வீட்டில் லில்லிச் செடியோ பூங்கொத்தோ இருந்தால் இன்றைக்கே அகற்றிவிடுங்கள். நாய் வந்தாலும் வராவிட்டாலும். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.


வாசற்படி | வியாழன், இரவு 9.15

சனிக்கிழமை என்னென்ன கேட்பார்கள் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். வேலியின் உயரம், வாயில் கதவுக்கு அடியிலுள்ள இடைவெளி, வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி, நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், எங்கே உறங்கும். இவையெல்லாம் படிவத்தில் இருப்பவை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் நேரம் எடுத்துக் கேட்பது இதை: நீங்கள் வெளியே போகும்போது இரண்டுக்கும் இடையே மூடப்படும் கதவு எது? அந்தக் கதவைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். பலர் அங்கேதான் திணறுவார்கள். "பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். மாதக்கணக்கில், சில வீடுகளில் என்றைக்குமே, ஆள் இல்லாத நேரத்தில் நாயும் பூனையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு கதவு வேண்டும், அதை மூட மறக்காத ஆள் வேண்டும்.

முதல் நாளே முகத்துக்கு முகம் காட்டாமல் எப்படித் தொடங்குவீர்கள் என்றும் கேட்பார்கள். முதலில் வாசனை, பிறகு கதவுக்கு இப்பாலும் அப்பாலும் சாப்பாடு, பிறகு தடுப்புக்கு அப்பால் பார்வை, கடைசியில் கயிற்றோடு ஒரே அறை. இந்த வரிசையை அவசரப்படுத்துவது எப்போதும் மனிதர்கள்தான். பூனையை நாயிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். கையில் இருக்கும் பூனைக்கு ஓட வழியில்லை, உங்கள் முகத்தைக் கீறிக்கொண்டுதான் இறங்கும். நாயின் கண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு நகம் போதும்.


பூனைக்கட்சி | வெள்ளி, காலை 7.30

சாம்பல்வால், புதன் இரவு நீங்கள் எழுதியதைப் படித்தேன். தரையில் படுத்துப் பார்க்கிறவர் வீட்டில் மேகம் பத்திரமாகத்தான் இருப்பான். என் கருத்து மாறவில்லை, ஆனால் முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன். மன்னியுங்கள்.


சாம்பல்வால் | சனி, மாலை 5.20

முடிந்தது. ஒன்றரை மணி நேரம் இருந்தார்.

வந்தவர் நடுவயதுப் பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொட்டு வந்து அவர் பையை முகர்ந்தாள். மேகம் எதிர்பார்த்தபடியே கட்டிலடிக்குப் போனான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், "அவன் சரியாகத்தான் செய்கிறான்" என்றார். கதவைத் தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். கைப்பிடியை இரண்டு முறை தள்ளிப் பார்த்து, நாய் காலால் அழுத்தினால் திறந்துகொள்ளும், மேலே ஒரு தாழ்ப்பாள் போடுங்கள் என்றார். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சிறுநீர் அடைப்பைப் பற்றியும், வியாழக்கிழமை மருத்துவர் மேகத்தின் இடுப்பு மூட்டில் தேய்மானம் இருக்கிறது என்று சொன்னதையும் சொன்னேன். நீண்ட நேரம் எழுதிக்கொண்டார். செம்பியை எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்டேன். கூண்டுப் பூனை, ஒரே முறை. பூனையோடு வாழ்ந்ததாகத் தகவல் இல்லை. அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வீடு எனக்குச் சம்மதம். செம்பியை இங்கே அனுப்ப மனம் ஒப்பவில்லை."

அழுதுவிட்டேன். படத்தைக் கைபேசியின் முகப்பில் வைத்திருந்தேன்.

பிறகு இன்னொரு நாயைப் பற்றிச் சொன்னார். 8 வயது, பெண். தற்காலிகமாக வளர்ப்பவர் வீட்டில் மூன்று பூனைகளோடு ஏழு மாதமாக இருக்கிறாள், பூனை ஓடினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாளாம். அடுத்த வாரம் நாங்கள் மட்டும் போய்ப் பார்க்கிறோம். உண்ணி மருந்து என்ன என்று கேட்டேன், பெர்மெத்ரின் இல்லாததுதான் போடுகிறார்கள்.

அவள் படுத்திருந்த துணித்துண்டு ஒன்றை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மேகத்தின் கிண்ணத்திலிருந்து நான்கு எட்டு தள்ளி வைத்திருக்கிறேன். வெளியே வந்தவன் கழுத்தை நீட்டி, உடலைப் பின்னால் வைத்தபடி முகர்ந்தான். காது இரண்டும் பக்கவாட்டில் போயின. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சுற்றிக்கொண்டு போய், துணியைப் பார்க்கும்படி கிண்ணத்துக்கு மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். பாதிதான் சாப்பிட்டிருக்கிறான். துணியை இன்னும் ஒரு எட்டு தள்ளி வைத்திருக்கிறேன்.